கிங்ஸ்லி சொன்னதற்கு அர்த்தம்

கிங்ஸ்லிக்கு ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்றுக்கொடுத்தவள் பெர்சிஸ்தான். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் அவளுக்கு அதுதான் வேலை. தொடரைச் சொல்வாள், அர்த்தத்தைச் சொல்வாள், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். அத்தை மகன், கட்டிக்கொள்ளப் போகிறவன் என்பதால் அவனுக்கு மட்டும் வகுப்பு முடிந்த பிறகும் உட்கார்ந்து தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினாள். அவன் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனான். போன புதிதில் தினமும் பேசினான். அப்புறம் டூட்டி, டூட்டி என்று ஒரே பாட்டு.

ஆனாலும் நிச்சயத்துக்கு நாள் வைத்தார்கள். அவனுக்கு லீவு இல்லையாம். வீடியோ காலில் சம்மதம் சொன்னால் போதும் என்று அத்தை ரெபேக்காள் ஆலங்குளத்திலிருந்து தாம்பாளத்தோடு வந்துவிட்டாள். சர்ச் ஐயரும் ஜெபம் பண்ண வந்து உட்கார்ந்திருந்தார். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் அப்பா ஞானதுரை, சீசன் என்றும் பாராமல் கடையைப் பூட்டியிருந்தார்.

டி.வி.யில் கிங்ஸ்லியின் முகம் வந்ததும், "மருமவனே, ஒரு வார்த்தை சொல்லுங்க. ஐயர் காத்திருக்காரு," என்றார்.

கிங்ஸ்லி தொண்டையைச் செருமினான். "மாமா, ஐ காட் கோல்ட் ஃபீட். வாட் வாஸ் பிட்வீன் அஸ் இஸ் வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்."

தமிழில் சொல்ல வாய் வராத பயலுக்கு ஆங்கிலம் கைகொடுத்தது. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அதுவும் பெர்சிஸ் போட்ட பிச்சை.

ஞானதுரைக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டீளா ஐயரே, வெள்ளைக்காரன் தோத்தான் போங்க! எல்லாம் எம் பிள்ளை படிச்சுக் குடுத்தது. ஏட்டி, என்ன சொல்லுதாரு? ஐயருக்குச் சொல்லு."

பெர்சிஸ் டி.வி.யைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. தான் சொல்ல முடியாததை அவள் வாயால் சொல்லவைக்கிறான், கோழை. வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"மொதல்ல சொன்னதுக்கு அர்த்தம், கடைசி நேரத்துல பயந்து பின்வாங்குதது. ரெண்டாவது, நடந்தது முடிஞ்சு போச்சு, இனி அதப் பேசிப் பிரயோசனம் இல்லைங்கது."

"சும்மா சொல்லாத. சரியாக் கேட்டியா?"

"அவருகிட்டயே கேளுங்கப்பா."

கேட்பதற்கு அவன் இல்லை. வீடியோ காலைக் கட் பண்ணியிருந்தான்.

ஐயர் பைபிளை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியேறினார். ரெபேக்காள் மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தாம்பாளத்தைத் துணியால் மூடிக்கொண்டே பெர்சிஸை முறைத்தாள்.

"ஏட்டி, இங்கன உனக்கு மட்டுந்தான அது வெளங்குச்சு? சம்மதம்னு சொன்னான்னு நீ சொல்லியிருந்தா ஐயர் ஜெபம் பண்ணியிருப்பாரு. ஞாயித்துக்கெழம கோயில்ல சபைக்கு முன்னால அறிவிச்சிருப்பாரு. பெறவு அவன் எப்படி மாட்டேம்பான்? உன் வாழ்க்கைய நீயே கெடுத்துக்கிட்டியே!"

பெர்சிஸ் அப்பாவைப் பார்த்தாள். தன் தங்கச்சி ரெபேக்காளை ஒரு அதட்டுப் போடுவார் என்று நம்பினாள்.

ஞானதுரை தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

"கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாமேட்டி," என்றார்.