டங்கன் மக்ரே பெனால்டி அடிக்கிறார்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சுவிசின் வின்டர்தூர் நகரில் நம்மவர் யார் இறந்தாலும் முப்பத்தோராம் நாளுக்கு அவரைப் புகழ்ந்து கல்வெட்டுப் புத்தகம் எழுதிக் கொடுப்பவர் வரதராசா. நண்பர் ஒருவர் நாவல் வெளியிட்டுப் பொன்னாடை வாங்கியதும் இவருக்கும் கதை எழுதும் ஆசை பிடித்துவிட்டது. நம்மவர்களை வைத்து எழுதினால் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார்கள். ஆகவே கேட்க நாதியில்லாத ஒரு ஸ்கொட்லாந்துக்காரரைக் கற்பனை செய்தார்: டங்கன் மக்ரே, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே உதைபந்து ஆடியவர்.

2

"கிளாஸ்கோவைப் பிறப்பிடமாகவும் வின்டர்தூரை வசிப்பிடமாகவும் கொண்ட அமரர் மக்ரே அவர்கள்..."

(பழக்கத்தில் கல்வெட்டு வரி வந்துவிட்டது; வெட்டியாயிற்று. ஆள் இன்னும் சாகவில்லை, இப்போதுதான் சப்பாத்து மாட்டுகிறார்.)

"அயலவர் எவரையும் கடிந்து பேசாத..."

(இதுவும் போகட்டும். பின்வரிசையில் நின்று காலை வாருகிறவர் அவர்.)

3

வாசகரே, சிக்கல் இதுதான். 1931இல் மக்ரே ஒரு பெனால்டியைத் தவறவிட வேண்டும். கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். அந்த வெட்கத்தில்தான் அவர் சுவிசுக்கு வந்து ஒரு சின்னக் கழகத்துக்குப் பயிற்சியாளராவார். ஆனால் வரதராசாவின் எழுத்தில் இதுவரை ஒருவரும் தோற்றதில்லை.* கடையை இழுத்து மூடிவிட்டு ஓடியவர்கூட வணிகச் செம்மல்தான். எப்படி எழுதினாலும் பந்து வலைக்குள் போய் விழுகிறது.

* கல்வெட்டில் தோல்விக்குப் பக்கம் ஒதுக்குவதில்லை. குடும்பப் படங்களுக்கே இடம் போதாது.

4

மகள் ஹரிஷா வந்து கணினியை எட்டிப் பார்க்கிறாள். மூன்று வருட லேரே, அதாவது தொழிற்பயிற்சி, படித்தவள்.

(கடைசிச் சோதனையில் அவள் தவறிவிட்டாள். அது அவளுக்கும் நமக்கும் மட்டும் தெரியும். அப்பாவோ மகள் பாஸ் என்று இங்குள்ள ஆராவ் நகரிலிருந்து கனடா வரைக்கும் அறிவித்துவிட்டார்.)

"அப்பா, இந்த ஆள் ஒருக்காலும் மிஸ் பண்ண மாட்டாரோ?"

"மிஸ் பண்ணினால் ஆர் பிள்ளை வாசிப்பினம்?"

"நான் வாசிப்பன்."

"கெட்டிக்காரன் எப்பிடி விடுவான்?"

"கெட்டிக்காரரும் விடுவினம், அப்பா. ஒருக்கா விட்டுப் பாருங்கோ. பிறகு நான் உங்களோடை ஒண்டு கதைக்கோணும்."

5

வரதராசாவின் விரல் விசைப்பலகையில் நிற்கிறது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் நானும் மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றிலும் கடைசி நேரத்தில் பயந்துபோய்ப் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டேன். எனக்கும் அதே வியாதி.

மக்ரே பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கிறார். இனி நீங்கள் அடியுங்கள். நல்லபடியாக முடிக்கத்தான் உங்களுக்கும் கை துறுதுறுக்கும். முடித்தால் அப்பா கைதட்டுவார், ஹரிஷா சொல்ல வந்ததைச் சொல்லாமலே அறைக்குப் போய்விடுவாள்.

அவள் இன்னும் அப்பாவின் கதிரைக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.