அழுகிற முகத்துக்குப் பல் எதற்கு

பல் செட் செய்து பிழைக்கிற மனுஷன் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லையென்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? அதனால்தான் பல்லுக்காரர் அந்த விஷயத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இருபத்தைந்து வயதில் ஈறு நோய் வந்து மொத்தமும் போயிற்று. தன் கையாலேயே ஒரு செட் செய்து மாட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் கல்யாணம். பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் எழுவதற்கு முன்னால் எழுந்து, குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு கழுவி மாட்டிவிடுவார். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. வீராப்பு என்றால் அப்படியொரு வீராப்பு!

அவள் கல்லூரியில் கிரேக்க இலக்கியம் நடத்துகிற டீச்சர். சாப்பாட்டு மேஜையிலும் வகுப்புதான். காப்பியம், சோக நாடகம், கேலி நாடகம் என்று ஒன்றையும் விடமாட்டாள். அதிலும் ஒரு கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வீடு திரும்புகிறான் ஒரு ராஜா. கால் கழுவிவிடுகிற கிழட்டு வேலைக்காரி பழைய தழும்பைத் தடவிப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. "இதுக்குப் பேரு அடையாளம் காணுதல். அந்தக் கதைகள்ல உயிரான இடமே இதுதாங்க" என்பாள். அதற்குள் பல்லுக்காரருக்குக் கண் சொக்கிவிடும்.

இந்த வருஷம் அந்தக் கிரேக்கப் பாணியில் அவளே ஒரு சோக நாடகம் எழுதினாள். மூன்று வருஷ உழைப்பு. மாணவர்கள் நடிக்க வேண்டும், எல்லோருக்கும் முகமூடி வேண்டும். "நீங்க செஞ்சு தர்றீங்களா?" என்று கேட்டதும் பல்லுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் உலகத்தில் அவருக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டதே! களிமண்ணில் வடித்து, காகிதக் கூழ் ஒட்டி, ஐந்து முகமூடிகளை ஆசை ஆசையாகச் செய்தார். ஒவ்வொன்றின் வாயிலும் முத்து முத்தாகப் பல் வரிசை வைத்தார்.

ஒத்திகையில் மானம் போயிற்று. போரில் மகன் செத்த சேதியைத் தூதன் வந்து சொல்கிறான். கேட்ட தாய் சபைப் பக்கம் திரும்புகிறாள். இருபத்தெட்டுப் பல்லும் பளிச்சென்று தெரிகிறது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பல்லு எதுக்குங்க?" என்றாள் டீச்சர், மெதுவாக.

"பல்லில்லாத வாயை நான் கடையை விட்டு வெளிய அனுப்பினதே இல்லையேம்மா."

"பிள்ளையைப் பறிகொடுத்தவ வாய் அது. உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது. வெறும் இருட்டுதான் தெரியணும்."

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் ஒரு கதையும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்து, குறடால் எல்லாப் பல்லையும் பிடுங்கினார். மற்ற நாலும் தேறிவிட்டன. தாயின் முகம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பல் போனால் கன்னம் இப்படியா கொழுகொழுவென்று நிற்கும்? உள்ளே ஒடுங்க வேண்டும், உதடு மடிய வேண்டும், முகவாய் மேலே ஏற வேண்டும். அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? ஆனால் கைக்கு வரவில்லை, எதிரே ஒரு முகம் வேண்டியிருந்தது. வாடிக்கையாளரிடம் போய், உங்கள் பொக்கை வாயை நாடகத்துக்குக் கொஞ்சம் இரவல் கொடுங்கள் என்று கேட்க முடியுமா?

சுவரில் கண்ணாடி இருந்தது. கதவைத் தாழிட்டுச் செட்டைக் கழற்றினார். மேடையில் இந்த முகத்தைப் பார்த்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாளே என்று பயந்து மறுபடி மாட்டினார். இப்படி இரண்டு தடவை. அப்புறம் நேற்று அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. என் வீராப்பு போனால் போகட்டும், அவள் நாடகம் ஜெயிக்கட்டும் என்று செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் களிமண்ணை எடுத்தார்.

நாடகம் புதன்கிழமை காலையில் நடந்தது. தூதன் சொல்லி முடித்தான். தாய் திரும்பினாள். கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பல்லுக்காரர் மேடையைப் பார்க்கவேயில்லை. டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, ஆள் இல்லாத ஒப்பனை அறையில் அவள் அந்த முகமூடியை மடியில் வைத்து ஒடுங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்க முகம்தானே இது?"

பல்லுக்காரர் திருதிருவென்று முழித்தார். "அது வந்து... உனக்கு எப்படி..."

"கல்யாணமான ஆறாம் மாசம் காய்ச்சல்ல நினைவில்லாம கிடந்தீங்களே. அப்ப எடுத்துக் கழுவி மாட்டிவிட்டதே நான்தான்."

"அப்பவே தெரியுமா? ஏன் சொல்லலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நீங்க அசையிற மாதிரி தெரியலை. அதான் அந்தக் கால் கழுவுற கதையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நீங்கதான் ஒவ்வொரு தடவையும் குறட்டை விட்டீங்க."

வீட்டுக்கு வந்து மத்தியானம் கொஞ்சம் படுக்கலாம் என்று போனால், அவர் தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. பல்லுக்காரர் செட்டைக் கழற்றி அதில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கதையை முதல்ல இருந்து சொல்லு" என்றார், பொக்கை வாயோடு.

அவள் சொன்னாள். வேலைக்காரி தழும்பைத் தொடுகிற இடம் வந்தது. அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார்.