தட்டாமல் திறந்த கதவு

அமெரிக்காவின் மொனங்கஹேலா ஆற்றின்மேல் கூதிர்காலம் ஓசையின்றி அடியெடுத்து வைக்கும். முதலில் மூடுபனி இறங்கி நீரை மறைக்கும். பிறகு கரையோர மேப்பிள் மரங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து, யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் நின்று, தம் சுடரைத் தாமே உதிர்க்கும். உலை அணைந்துபோன எஃகு ஆலையின் புகைபோக்கிகள் மட்டும் உதிர்ப்பதற்கு ஒன்றுமின்றி வானை நோக்கி நிற்கும். ஊரில் எஞ்சியிருந்த யூதர்களுக்கு அது ஏலூல் மாதம். புத்தாண்டுக்கு முந்திய அம்மாதத்தில் காலைதோறும் ஜெபக்கூடத்தில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். துயிலும் நெஞ்சே எழு, தீர்ப்பு வழங்குபவன் வாசலில் நிற்கிறான் என்பதே அந்த ஓசையின் பொருள். உயிரோடிருப்பவர் இறந்தவரின் கல்லறையைத் தேடிச் செல்லும் பருவமும் அதுவே.

அத்தகைய ஒரு காலையில் செல்டா கோரலிக் இரு கைகளும் நிறைய ஜெபக்கூடத்துப் படியேறினாள். ஒரு கையில் தேன் கேக். மறு கையில் ஊறிய மீனும் ஒரு புட்டி விஸ்கியும் இருந்த பை. தந்தை ஹெர்ஷலுக்காக அவள் நாள் தவறாமல் சொல்லிவந்த காதிஷுக்கு அன்று நிறைவு. இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் இறைவனின் பெயரை மட்டும் உயர்த்துகிற அந்த ஜெபத்தைப் பிள்ளைகள் பதினொரு மாதம் சொல்வார்கள். ஆண்டு முழுதும் வேண்டுவது பாவிகளுக்கே. தம் தகப்பன் பாவியல்லன் என்பதால் ஒரு மாதம் முன்னரே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும் நாளில் கூடியவர்களுக்கு விருந்து தருவது முறை. ஆனால் பத்துப் பேர் கூடாமல் காதிஷ் இல்லை. அந்தப் பத்தில் ஒருவரான மில்டன், முந்தின நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மருத்துவமனையில் கிடந்தார்.

அந்த நினைவிலேயே அவள் பூட்டில் சாவியைத் திருகித் தோளால் கதவைத் தள்ளினாள். உள்ளே கால் வைத்த பிறகே உறைத்தது. தட்டவில்லை!

நெடுங்காலம் அந்தக் கூடத்தின் சாவியை வைத்திருந்த ஹெர்ஷல், ஒருநாளும் தட்டாமல் அக்கதவைத் திறந்ததில்லை. இறந்தவர்கள் இரவுதோறும் அங்கே வந்து தொழுகிறார்கள் என்பது நம்பிக்கை. அவர்கள் நடுவே திடுமெனப் புகலாகாது. மூன்று முறை தட்டி, "நேரமாச்சு, எழுந்திருங்க" என்பார். அவர்கள் எழுந்து போகட்டும் என்று சற்றுப் பொறுத்தே உள்ளே போவார். சாவியோடு அந்தத் தட்டலும் மகளுக்கு வந்திருந்தது.

கூடம் வெதுவெதுப்பாக இருந்தது. பலர் பேசிக்கொண்டிருந்து சட்டென்று நிறுத்தினால் எழும் அமைதி அது. கடைசி வரிசை பெஞ்சில், தந்தை வழக்கமாக அமரும் இடத்தில், ஜெபப் புத்தகம் ஒன்று காலைத் தொழுகைப் பக்கத்தில் திறந்து கிடந்தது. அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் புதினா மிட்டாயின் மணம் அங்கே நின்றது.

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பெஸ்ஸி பிளாட்கின் வரும்போதே கோட்டைக் கழற்றினாள்.

"ஏன்டி செல்டா, ஹீட்டர் போட்டுட்டியா? உங்கப்பா இருந்தவரைக்கும் இங்க மூக்கு விறைச்சுப்போகும்!"

"நான் போடலையே, பெஸ்ஸிக்கா."

"அப்ப எனக்குத்தான் உடம்பு சூடா? இந்த வயசுல அதுவும் ஒரு வரம்தான்."

தொழுகையை நடத்தும் முதியவர் இர்வின் ஆட்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். யூதர்கள் தம்மவரை எண் சொல்லி எண்ணமாட்டார்கள், கண்ணேறு படும். பத்துச் சொற்களாலான ஒரு வேத வரியை, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லி வருவார்கள். இர்வின் விரலை நீட்டி வரியைச் சொல்லி முடித்தார்.

"நிறைஞ்சாச்சு. ஆரம்பிக்கலாம்."

"எங்கய்யா நிறைஞ்சது? மில்டன் ஆஸ்பத்திரியில கெடக்கான். மொதல்ல கண்ணாடிய மாத்து" என்றாள் பெஸ்ஸி.

இர்வின் மறுபடி சொன்னார். தன்னையும் சேர்த்து ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சொல். கடைசிச் சொல் வந்தபோது அவர் விரல் பின் பெஞ்சை நோக்கி நின்றது. அங்கே முகம் இல்லை. திறந்த புத்தகத்தின் தாள் ஒன்று மெல்லப் புரண்டது.



"யாரா இருந்தா என்ன?" பெஸ்ஸியின் குரல் தாழ்ந்திருந்தது. "இந்த ஊர்ல பத்தாவது ஆள் கெடைக்கறதே பெரும்பாடு. வந்தவர வெரட்டுவாங்களா?"

"செத்தவங்களுக்குக் கட்டளை கெடையாது, பெஸ்ஸி. கடமை இல்லாதவங்கள எப்படிச் சேர்க்கறது?" இர்வின் செல்டாவைப் பார்த்தார். "ஆனா உனக்கு இது கடைசி நாளும்மா. வரி நிறைஞ்சுது, நான் அதுக்கு மேல பார்க்கலன்னு வெச்சுக்கறேன். நீ சொல்றதுதான்."

செல்டா பின் பெஞ்சருகே சென்றாள். புதினா மணம் முகத்தில் மோதியது. அவர் இருக்கிறார், ஆமென் சொல்லக் காத்திருக்கிறார். வாயைத் திறந்தால் போதும், காதிஷ் நிறைவேறிவிடும். ஆனால் நாளைக்கும் மில்டன் வரமாட்டார். அதற்கடுத்த நாளும் ஆள் குறையும். ஒருமுறை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால், இந்த ஊர் அவரை ஒவ்வொரு காலையும் இங்கே நிறுத்தி வைக்கும்.

"தட்டாம வந்தது என் தப்புப்பா" என்றாள் மெதுவாக. "உங்கள எழுந்து போகவிடாம பண்ணிட்டேன்."

"எங்கம்மா போற?" என்றார் இர்வின்.

"இதோ வந்துடறேன் மாமா."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மூடுபனியில் நின்று மூன்று முறை தட்டினாள்.

"நேரமாச்சுப்பா. எழுந்திருங்க." உள்ளங்கையைக் கதவில் பதித்தாள். "நிம்மதியா போங்க."

கதவு தானே திறந்தது. வெதுவெதுப்பான காற்று அவள் தோளை உரசிக்கொண்டு கடந்தது. படியில் கிடந்த சிவந்த இலைகள், வீசிய காற்றுக்கு எதிராக, ஆற்றின் பக்கம் வரிசையாக நகர்ந்து பனியில் மறைந்தன.

உள்ளே குளிர் கவிந்திருந்தது. பெஸ்ஸி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். இர்வின் மீண்டும் வரியைச் சொன்னார். கடைசிச் சொல் சேர ஆளின்றி அவர் வாயிலேயே நின்றது.

அன்று காதிஷ் இல்லை. எஞ்சிய தொழுகையைச் சொன்னார்கள், கொம்பு ஊதினார்கள். அதன் ஓசை குளிர்ந்த சுவர்களில் நெடுநேரம் அலைந்தது.

எல்லாம் முடிந்தபின் செல்டா கடைசி பெஞ்சுக்குப் போனாள். திறந்து கிடந்த புத்தகத்தை எடுத்தாள். ஒரு கை அளவுக்கு அந்தப் பக்கம் இன்னும் சூடாக இருந்தது. அதை மூடி, அட்டையை உதட்டில் ஒற்றி, அலமாரியில் மற்றப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தாள்.

இர்வின் தலை தாழ்த்திச் சொன்னார்: "ஹெர்ஷலோட உயிர், என்னைக்கும் அழியாத உயிர்களோட சேர்த்துக் கட்டப்பட்டு, ஆண்டவர் கையில பத்திரமா இருக்கட்டும்."

"ஆமென்" என்றார்கள், கண்ணுக்குத் தெரிந்தவர்கள் மட்டும்.