இருபத்து மூன்று மொச்சை

1

இந்தக் கதை ஒரு குழம்பிலிருந்து வந்தது. குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நன்றாக இல்லாமல் போயிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் டைரி எழுதக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகிறேன். டைரியின் ஒரு பக்கத்தைக் கதையாக்கிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர் இனியன். இன்று ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டும். இப்போது காலை ஏழு. என் பெயர் அமுதவல்லி. இதை எங்கே சொல்வது என்று தெரியாததால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

தொடக்கம், முதல் முயற்சி: "அஸ்தம்பட்டியின் மாடி வீடு ஒன்றில், கதிரவன் தன் பொற்கரங்களை —"

வேண்டாம். எங்கள் சமையலறை ஜன்னல் மேற்கே பார்த்தது. காலை வெயில் வராது.

இரண்டாம் முயற்சி: "மஞ்சுளா அக்காவும் நானும் ஒரே வீட்டில் —"

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

2

மஞ்சுளா அக்காவும் நானும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். உறவில்லை. எனக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலை. அக்கா ஃபேர்லேண்ட்ஸில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். அவர் சொந்த ஊர் மோகனூர். சமையல் என் பொறுப்பு, பாத்திரம் அக்கா பொறுப்பு.

அலமாரியை மூன்று தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மேல் தட்டில் எளிதில் கெடாதவை: புளி, வரமிளகாய், கொள்ளு, பாசிப்பயறு, வடகம். நடுத்தட்டில் இந்த வாரத்துக்குள் தீர வேண்டியவை. கீழ்த்தட்டில் இன்றே தீர வேண்டியவை. என்ன சமைக்கலாம் என்று நான் யோசிப்பதில்லை. கீழ்த்தட்டு எதைக் காட்டுகிறதோ அதுதான் சமையல். புளித்த மாவு பணியாரமாகும். வாடிய முருங்கைக்கீரை அடையில் போய்விடும். மேல் தட்டு நிறைந்திருந்தால் கீழே பாதித் தக்காளி மட்டும் இருந்தாலும் ஒரு வேளை ஓடிவிடும்.

(இனியன் சார் இந்தப் பத்தியை வெட்டச் சொல்வார். வெட்ட மாட்டேன். போன வருடம் இரண்டு மாதம் எனக்கு வேலை இல்லை. அப்போது என்னைப் பட்டினி போடாமல் வைத்திருந்தது அந்த மேல் தட்டுதான். ஒரு வார்த்தை கேட்காமல் அதை நிரப்பி வைத்தவர் அக்கா. இந்தக் கதையில் நன்றி சொல்ல வேறு இடம் கிடைக்குமோ என்னவோ.)

3

போன சனிக்கிழமை அக்கா மோகனூர் போயிருந்தார். நான் பரணைச் சுத்தம் செய்தேன். ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே சாம்பல் பூசிய மொச்சைக்கொட்டை, அரைப்படி இருக்கும். டைரியில் அன்று எழுதியது அப்படியே: "வண்டு வராமல் சாம்பல். நல்ல பழக்கம். ஆனால் தேதி எழுதவில்லை. உடனே தீர்க்க வேண்டும்."

கழுவி ஊற வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தட்டில் மூன்று கத்திரிக்காயும் ஒரு தேங்காய் மூடியும் இருந்தன. எல்லாம் சேர்ந்து குழம்பானது.

அக்கா மதியம் வந்தார்.

"கெடைச்சிருச்சு சாமி."

"என்னதுங்க்கா?"

"அரை ஏக்கரா. குத்தகைக்கு. வாய்க்காலோரமா. மொதல்ல சோத்தப் போடு, சொல்றேன்."

இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். "எந்தக் கடைல வாங்குன? எங்கூட்டு மொச்சையாட்டவே இருக்குது."

"உங்கூட்டு மொச்சைதானுங்க்கா. பரண் மேல டின்னுல இருந்துச்சு. வீணாப் போயிருமேன்னு எடுத்தேன்."

அக்காவின் கை நின்றது. நான் அப்போதும் பாராட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

"அது வெதை, அமுதா."

சொத்தைப் பாகம் பிரித்தபோது காடு, அதாவது அவர்கள் விளைநிலம், அண்ணனுக்குப் போனது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். அக்கா அந்த விதையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் காடு முழுக்கக் கரும்பு வைத்துவிட்டார். அந்த மொச்சை இப்போது அங்கேயும் இல்லை. இரண்டு வருடமாக அக்கா நிலம் தேடியது எனக்குத் தெரியும். எதை விதைக்க என்று நான் கேட்டதில்லை.

அக்கா தட்டைப் பார்த்தார். மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து கடைசி மொச்சை வரை சாப்பிட்டார்.

"நின்னு பாக்காத. நீயும் உக்காந்து தின்னு. ஆக்குனதக் கொட்டவா முடியும்?"

4

இதுவரைக்குமான முதல் பிரதியைப் புதன்கிழமையே இனியன் சாருக்கு அனுப்பியிருந்தேன். "அக்கா பாத்திரம் நம்பும்படி இல்லை. யார் இவ்வளவு சாந்தமாக இருப்பார்கள்? கோபப்பட வையுங்கள்" என்று பதில் வந்தது.

முயன்றேன்: "மஞ்சுளா தட்டைத் தூக்கி —"

அதற்கு மேல் ஓடவில்லை. தட்டில் சோறு இருந்தது. அக்கா எறிய மாட்டார்.

ஆனால் சார் சொன்ன பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அன்று பாத்திரம் கழுவிய சத்தம் கீழ் வீடு வரை கேட்டது. குக்கர் மூடி இரண்டு முறை விழுந்தது. எனக்கு வசதியாக அதை விட்டுவிட்டேன். இப்போது சேர்த்தாயிற்று.

5

கடைசியாக அக்கா அந்த பிஸ்கட் டின்னைக் கழுவ எடுத்தார். கலகலவென்றது. திறந்து பார்த்தார்.

"இது எதுக்கு மிச்சம் வெச்ச?"

"எந்த டப்பாவையும் தொடச்சு எடுக்க மாட்டனுங்க்கா. அடியில ஒரு கை உட்ருவேன். அம்மா பழக்கம்."

(என் முறைக்கு இது ஒத்துவராது. தேதி போட்டுத் தீர்க்கிறவள் அடியில் மிச்சம் வைக்கலாமா? டைரியில் 'விட வேண்டிய பழக்கங்கள்' என்ற பக்கத்தில் இது நான்காவதாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

அக்கா தரையில் கொட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இருபத்து மூன்று.

"உன்னத் திட்டறதா கும்புடறதான்னே தெரீல போ."

"ரெண்டும் பண்ணிக்குங்க்கா."

அப்போதுதான் சிரித்தார். "இருவத்தி மூணும் கொடி ஏறுனா அடுத்த ஆடிக்கு டின்னு ரொம்பிரும்."

"மொளைக்குமாங்க்கா?"

"ரெண்டு வருசத்து வெதை. போட்டுப் பாத்தாத்தேன் தெரியும்."

திங்கட்கிழமை காலை ஐந்து மொச்சையை ஐந்து தயிர்க் கப்பில் ஊன்றி மொட்டை மாடியில் வைத்தோம். அவை முளைத்தால் மீதிப் பதினெட்டும் வாய்க்காலோரம் போகும். முளைக்காவிட்டால் அந்த மொச்சையை நாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

6

முடிவு அ: ஐந்தும் முளைத்தன. (எழுதி அடித்தேன். இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: ஒன்றும் முளைக்கவில்லை. அக்கா அண்ணனின் கரும்புக் காட்டு வேலியோரம் ஒரு மொச்சைக் கொடியாவது இருக்குமா என்று குனிந்து தேடிக்கொண்டே — (கை வரவில்லை.)

முடிவு இ: இரண்டு முளைத்தன, மூன்று முளைக்கவில்லை. (நியாயமாகத் தெரிகிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

இன்று ஐந்தாம் நாள். நேற்று மாலை நடுக் கப்பில் மண் முடி கனத்துக்கு வெடித்திருந்தது. முளை தள்ளினாலும் வெடிக்கும், காய்ந்தாலும் வெடிக்கும். அக்கா மேலே போய்ப் பார்க்காமலே வேலைக்குக் கிளம்பினார். "நீயே பாத்துட்டு போன் பண்ணு. என்னவா இருந்தாலும் பண்ணு" என்று படியிலிருந்து சொன்னார்.

அவர் போன பிறகு அலமாரியைத் திறந்து மேல் தட்டைப் பார்த்தேன். பிஸ்கட் டின்மேல் என் முறைப்படியே காகிதம் ஒட்டி, தேதி போட்டு, அக்காவின் கையெழுத்தில்: "வெதை. தொடாதே." பக்கத்தில் புதிதாக அரைக்கிலோ கடை மொச்சை. அதிலும் காகிதம்: "இது அமுதாவுக்கு. கொழம்புக்கு."

என் கதை இங்கேயே முடிந்துவிட்டது. அக்காவின் கதைதான் மாடியில் இருக்கிறது. அதை என் ஆறு மணிக்காக அவசரப்படுத்த எனக்கு மனமில்லை. கடை மொச்சையை ஊற வைத்து, ஒரு கை அடியில் விட்டு, பிறகு மேலே போவேன்.

நீங்கள் முன்னால் போய்ப் பாருங்கள். மாடிக் கதவு சாத்தியிருக்கும், பூட்டியிருக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஐந்து கப்பும் ஒரு சொம்பும் இருக்கும். கப்புக்கு ஒரு கை தண்ணீர் போதும். முளைக்காததற்கும் ஊற்றுங்கள்.