டேஷ்போர்டுக்குள் ஒரு சொற்பொழிவு

தன்னம்பிக்கைப் பேச்சாளரின் பாதங்கள் இரண்டும் கார் சீட்டின் உச்சியில் இருந்தன. தலை, கால் வைக்கிற இடத்தில். கிளவ்பாக்ஸைக் கழற்றிய ஓட்டைக்குள் வலது கை முழங்கைவரை போயிருந்தது.

"என் காரை இதுவரை ஒரு மெக்கானிக் தொட்டதில்லை!" மேடைதோறும் கைதட்டல் அள்ளும் வரி அது. நிஜமாகவே தொட்டதில்லை. அதனால்தான் கோடை முழுக்க ஏசி அவருக்குக் குளிரையும், பக்கத்தில் உட்காரும் மனைவிக்கு அனலையும் ஊதிக்கொண்டிருந்தது. வெந்தது மனைவி என்பதால் அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் இன்று அந்த சீட்டில் பெரிய கம்பெனியின் பயிற்சி அதிகாரியம்மா உட்காரப் போகிறார். அந்த வரியில் மயங்கி, தங்கள் மேனேஜர்களுக்கு வருஷம் பூரா வகுப்பெடுக்க இவரைக் கேட்டவர். கையெழுத்துதான் பாக்கி. "என் வண்டியிலேயே போயிடலாம் மேடம்" என்று இவரே வாயைக் கொடுத்திருந்தார்.

குளிரையும் சூட்டையும் கலக்கிற சின்னக் கதவை அசைக்கும் மோட்டாரில்தான் கோளாறு. திருகுகளைக் கழற்றியாயிற்று. மோட்டாரைப் பிடித்து இழுத்தால் கை வரவில்லை. வெறுங்கையை உள்ளே விட்ட சந்து, மூடிய முஷ்டியை வெளியே விடவில்லை.

"ஏங்க, அதை விட்டுடுங்க. கை தானா வந்துடும்." டார்ச் விளக்கைப் பிடித்து நின்ற மனைவி சொன்னார்.

"விடறதா? 'பிடிச்சதை விடாதே'ன்னு ஊரெல்லாம் பேசறவன் நான்!"

"அது மோட்டாருக்குத் தெரியுமா? ஒயரை இன்னும் கழட்டல. விட்டாலும் அதுலயே தொங்கும். ரெண்டு விரலால எடுத்துக்கலாம்."

"நீ லைட்டை நேரா பிடி. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"எங்க பார்க்கறது? மூக்குக்கு நேரா மிதியடிதான் இருக்கு."

அதிகாரியம்மா வந்துவிட்டார். முதலில் உள்ளங்கால்களைத்தான் பார்த்தார்.

"சார் இல்லையா?"

"இவர்தான் மேடம். முகம் வரக் கொஞ்சம் நேரமாகும்."

கீழிருந்து கணீரென்று குரல் வந்தது. "வாங்க மேடம்! இடம் குறுகும்போதுதான் மனசு விரியணும்!"

"கை மாட்டிக்கிச்சா சார்?"

"மாட்டிக்கறதுன்னு ஒண்ணு கிடையாது மேடம். எல்லாம் பார்வையிலதான் இருக்கு." நெற்றி வியர்வை தலைமுடிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரியம்மா குனிந்தார். "விட்டுட்டா வந்துடும்போல இருக்கே?"

விரல்கள் ஒரு கணம் தளர்ந்தன. விரித்தால் கை வெளியே, கையெழுத்து பைக்குள். ஆனால் இரண்டு பேர் பார்க்கிறார்களே!

"தோல்வி எங்க ஆரம்பிக்குதுன்னா மேடம்..." என்று தொடங்கினார். பேச்சில் எறும்பு வந்தது. மலையேறியவர் வந்தார். விளக்கு மங்கியது. மனைவி கை மாற்றிப் பிடித்தார்.

அதிகாரியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நல்லா பேசறீங்க சார். ஆனா இது எங்க மேனேஜர்களுக்கே நல்லா வருது. மாட்டிக்கிட்டா பேசுவாங்க. பக்கத்துல ஒருத்தர் விளக்குப் பிடிச்சு நிக்கணும். அதை மறக்கடிக்க ஓர் ஆள் கிடைப்பாரான்னுதான் தேடறேன். நான் டாக்ஸி பிடிச்சுக்கறேன்."

செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

உள்ளே முஷ்டி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தது.

"சரி... நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."