இரண்டு வாளித் தண்ணீர்

சேத்தம்மா இறால் பண்ணையின் தீவனக் கொட்டகைக்குள் ஓடி வந்தபோது அவள் தம்பிக்கு முன்பல் இரண்டைக் காணவில்லை. நடுத்தூணில் அவனைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டையில் ரத்தமும் கருப்பான கரும்புப் பாகும் கலந்து வழிந்தன.

சுற்றிலும் கழிமுகத்தில் மட்டிச் சிப்பி அள்ளுகிறவர்கள், ஆணும் பெண்ணுமாக இருபது பேர். சேறு கிளறும் இரும்பு வாரிகளைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். அத்தனை முகமும் அவளுக்குத் தெரிந்த முகம்தான். கழிமுகத்துச் சேற்றைக் குழாயில் எடுத்துப் போய் அதிலிருக்கும் நுண்ணுயிர்களை ஆராய்வது அவள் வேலை. பதினோரு வருடமாக இவர்கள் படகில் இடம் கொடுத்து, சேத்தம்மா என்று பெயரும் வைத்திருந்தார்கள். இன்று ஒருத்தர்கூட வா என்று சொல்லவில்லை.

"எந்த விஷம்னு சொல்லச் சொல்லும்மா," என்றார் மொட்டை. அவர்தான் அவர்களுக்குப் பெரியவர். "பண்ணை முதலாளி கொடுத்தான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அவுத்து விட்டுடறோம். அம்பு எய்தவன்கிட்ட நாங்க பேசிக்கறோம்."

"விஷம் இல்லண்ணே, பாகுதான்," என்றான் தம்பி. அவன் வாயில் வார்த்தை ஒழுங்காக வரவில்லை.

பக்கத்தில் நின்றவன் வயிற்றில் ஓங்கிக் குத்தினான். "காலையிலேர்ந்து இதையே சொல்றான். பாகு குடிச்சு எவனாவது சாவானா? இவனையே ஒரு சொம்பு குடிக்க வச்சோம். கல்லு மாதிரி நிக்கறான். அப்ப விஷம் வேற எங்கயோ இருக்குல்ல?"

உண்மையைச் சொன்னதற்காக ஒருவனை இப்படி அடிப்பார்கள் என்று சேத்தம்மா நினைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பாகு எப்படி வந்தது என்று அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஐந்து நாளைக்கு முன்பு, இந்தப் பண்ணையில் கூலிக்கு இருந்த தம்பி போன் செய்தான். மிஞ்சிய தீவனம் இறால் தொட்டியின் அடியில் அழுகி, தண்ணீரில் அம்மோனியா ஏறிவிட்டது, இறால் தின்ன மாட்டேன் என்கிறது என்றான். அவள் ஒரு கையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். பாகு ஊற்றினால் நுண்ணுயிர்கள் பெருகும், பெருகும்போது அம்மோனியாவைத் தின்றுவிடும். "இருபது கேன் ஊத்துடா, சரியாயிடும்" என்றாள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஆறு சக்கரமும் சுற்றுகிறதா என்று கேட்கவில்லை. இப்போது ஓடி வரும் வழியில்தான் பார்த்தாள். இரண்டுதான் சுற்றின. மற்ற நான்கும் மோட்டார் கருகி, கரையில் குப்பையோடு கிடந்தன.

பெருகின நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்த மூச்சுக் காற்றை எல்லாம் உறிஞ்சிவிட்டன. இறால் மிதக்கத் தொடங்கியதும் தம்பி பயந்து மடையைத் திறந்துவிட்டான். கடல் அலை கழிமுகத்துக்குள் ஏறாத நாட்கள். அந்தத் தண்ணீர் கழிமுகத்துக் கிளையில் மூன்று நாள் அசையாமல் நின்றது. சேறு கருத்தது. மட்டிகள் ஆயிரக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. இருபது குடும்பத்தின் ஒரு வருடச் சோறு அது.

அவளுக்கு ஒரே யோசனைதான் வந்தது. கண்ணால் காட்டிவிட்டால் நம்புவார்கள்.

"அண்ணே, கால் மணி நேரம் கொடுங்க. அதுவரைக்கும் யாரும் அவன்மேல கை வைக்காதீங்க. விஷம் இருந்தா நானே சொல்றேன், இல்லன்னா அதையும் காட்டறேன்."

மொட்டை கூட்டத்தைக் கையமர்த்தினார். "சரி. உனக்காக."

தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை இரண்டு வாளியில் அலுங்காமல் மொண்டு வந்து வைத்தாள். தூண்டில் போடுகிற ஒருத்தியின் டப்பாவிலிருந்து உயிருள்ள பொடி மீன்களை வாங்கினாள். ஒரு வாளியில் தன் பையிலிருந்த பேட்டரிக் காற்றுக்குழாயை விட்டாள், அது குமிழ் விட்டது. இன்னொன்றை அப்படியே விட்டாள். கொஞ்சம் பொறுத்து வாளிக்கு ஆறு மீனாகப் போட்டாள். இருபது தலையும் குனிந்தன.

சும்மா இருந்த வாளியில் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. குமிழ் விட்ட வாளியில் ஆறும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரே தொட்டித் தண்ணி," என்றாள் சேத்தம்மா. "விஷம்னா ரெண்டுலயும் செத்திருக்கணும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க பாகைத் தின்னு கோடி கோடியாப் பெருகி, தண்ணியில இருந்த காத்தையெல்லாம் குடிச்சிடுச்சு. மட்டி மூச்சுத் திணறித்தான் செத்துச்சு. அவன் சொன்னது சத்தியம்."

ஒரு கிழவி செத்த மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெசந்தான்," என்றாள். ஆட்கள் தலையாட்டினார்கள். சேத்தம்மாவுக்கு உயிர் வந்தது. கயிற்றை அவிழ்க்கத் தூண் பக்கம் போனாள்.

"இரும்மா," என்றார் மொட்டை. "அப்ப முதலாளி எதையும் கொடுக்கல?"

"கொடுக்கலண்ணே."

"பாகை ஊத்தினது இவன். மடையைத் திறந்தது இவன்."

அவள் அவசரமாக முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள்.

"நாங்க என்னமோ கூலிக்காரப் பய, சொன்னதைச் செஞ்சிருக்கான்னு கையால நாலு தட்டு தட்டினோம்," என்று சொல்லி மொட்டை சுவரில் சாய்த்திருந்த வாரியை எடுத்தார். "எங்க சோத்துல மண்ணை அள்ளிப் போட்டது இவனேதானா?"

இத்தனை நேரம் அவர்களிடம் இருந்தது சந்தேகம். அதை அவனுக்கு எதிரான சாட்சியாக்கிக் கையில் கொடுத்தவள் அவள்தான். கூட்டம் தூணை நெருங்கியது.

"அளவு சொன்னது நான்!" என்று கத்திக்கொண்டு குறுக்கே விழுந்தாள். "இருபது கேன்னு நான்தான் சொன்னேன். அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. என்னை அடிங்க!"

மொட்டையின் கை அப்படியே நின்றது. கூட்டம் அவளைப் பார்த்தது.

தம்பி தலையை நிமிர்த்தினான். "பொய்யிண்ணே. என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுது. அதுகிட்ட நான் பேசியே ரெண்டு மாசம் ஆச்சு. நானாத்தான் ஊத்தினேன்."

காலையிலிருந்து அவன் சொன்ன உண்மையை ஒருத்தர்கூட நம்பவில்லை. இந்தப் பொய்யை எல்லோரும் உடனே நம்பினார்கள். "போனைப் பாருங்க!" என்று அவள் நீட்டிய போனை யாரோ தட்டிவிட்டார்கள். இரண்டு பெண்கள் அவளை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "கூடப் பொறந்த பாசம், பேச வைக்குது. நீ பார்க்காதம்மா," என்று ஒருத்தி அவள் முகத்தைத் தன் தோளில் அழுத்தினாள்.

வாரி முதலில் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. "அக்கா!" என்று அலறினான்.

அந்த ஒரு தடவைதான். அடுத்து விழுந்த அடி ஒன்றுக்கும் அவன் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எங்கே அவள் சொன்னதை நம்பி அவளையும் அடிப்பார்களோ என்று, வாயை இறுக மூடிக்கொண்டே அடி வாங்கினான்.