உம் கொட்டியவள்

அந்த ‘ம்ம்’ இன்னும் வரவில்லை, வரப்போகிறது, ஹார்லன் கிழவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் காலத்துல இந்த ஊர்ல எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தோம் என்று ஆரம்பித்துவிட்டான், மேசை விரிப்பின் நடுவில் வைத்த ஒலிப்பதிவுக் கருவி அவன் குரலை அப்படியே கக்குகிறது, எதிரே மிஸ் வெர்னெல் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார், எண்பதைத் தாண்டிய கறுப்பின மனுஷி, பத்தொன்பது வயதில் காணாமல்போன அண்ணன் ஜூனியஸ் எந்த மண்ணுக்குள் கிடக்கிறான் என்று தெரியாமலே கிழவியானவர், இவளோ நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, கடவுளே கரண்டு போகக்கூடாதா என்று வேண்டுகிறாள், அட பைத்தியமே, அது பேட்டரியில் ஓடுகிறது. மாரிச்செல்வி என்று பெயர், சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்து, அமெரிக்க வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்குகிறேன் என்று அலபாமா வரை வந்தவள், வந்த முதல் வாரம் ஊருக்கு வெளியே பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் பார்த்தால் அதே கறுப்பு மண், அதே பருத்தி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே போனாள், சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள், இல்லை, அன்றைக்கே அது பயம்தான். ஜூனியஸ் கிடக்கும் இடத்தைக் கிழவன் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள், ஆராய்ச்சி மாணவிக்கு அதைவிட என்ன வேண்டும், ஆனால் அந்தப் பதிவில் கிழவன் மட்டும் இல்லை, அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவளும் ம்ம், ம்ம் என்று உம் கொட்டியிருக்கிறாள், அண்ணனைக் கொன்ற கதைக்கு ஆமாம் சாமி போட்ட பெண் உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் மிஸ் வெர்னெலுக்குத் தெரிந்துவிடும்.

பேட்டிக்குப் போன அன்று அந்த வெள்ளைக்காரக் கிழவன் வீட்டில் வரவேற்பறைச் சுவரில் துப்பாக்கி தொங்கியது, மான் தலை ஒன்று கண்ணாடிக் கண்ணால் இவளையே பார்த்தது, பெரிய நாய் ஒன்று வந்து இவள் பாதத்தின் மேலேயே தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது, காலை இழுக்கவும் பயம், இழுக்காமல் இருக்கவும் பயம், இனிப்புப் போட்ட தேநீரில் பனிக்கட்டி கிணுகிணுக்கிறது, அவன் மனைவி எலுமிச்சைக் கேக் வைத்துவிட்டுப் போகிறாள், கிழவன் பருத்தி விலையைப் பேசினான், மழையைப் பேசினான், அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஜூனியஸைப் பேச ஆரம்பித்தான், பருத்தி எடை போடும்போது எங்கப்பா சொன்ன எடை தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொன்னான் அந்தப் பய, விடமுடியுமா சொல்லு, என்றான். ம்ம், என்றாள் இவள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியை தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார், வாய்மொழி வரலாறு எடுக்கப் போகிறவர்கள் தலையை ஆட்டுங்கள், கண்ணால் கேளுங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள், பதிவில் விழுகிற உங்கள் சத்தம் உங்கள் வாக்குமூலம் என்று, எல்லாரும் எழுதிக்கொண்டார்கள், இவளும்தான் எழுதினாள், எழுதி என்ன செய்ய, கதை கேட்கிற ஊரில் பிறந்த வாய் அது, எதிராளி பேசினால் உம் கொட்டாமல் இருக்கத் தெரியாத வாய், அதுவும் பயந்துவிட்டால் தானாகவே கொட்டும்.

பயந்தால் ஏன் கொட்டும் என்று மான் தலையைப் பார்த்தபடியே இவளுக்கு ஞாபகம் வந்தது, ஞாபகமா, இல்லை அங்கேயே நின்றாளா, நாய் படுத்திருந்த இடத்தில் சாணிக்கூடை இருக்கிறது, பெரிய வீட்டு மாட்டுத்தொழுவம், கயிற்றுக்கட்டிலில் முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார், கோயில் கொடைக்கு மேளம் அடிக்க வரமாட்டேன்னு சொல்லிப்புட்டான்ல ஒங்கண்ணன், நாலு பேரு பிடிச்சுக்கிட்டானுக, நாந்தான் உலக்கைய எடுத்தேன், முட்டியில ஒண்ணே ஒண்ணு, வெங்கலப்பானை மாதிரி சத்தம் வந்துச்சு, என்று சொல்லிச் சிரிக்கிறார், அம்மாவும் கூடையை இடுப்பில் வைத்தபடி ம்ம் சாமி, ம்ம் என்கிறாள், சோலையப்பன் மாமா அன்றைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பக்கத்தில் சின்னப்பிள்ளையாக இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், முழங்கைச் சதையை அம்மா கிள்ளினாள் பாருங்கள், உயிர் போய் உயிர் வந்தது, ம்முனு கேளுடி, வாயப் பொத்திக்கிட்டு நின்னா மொறைக்கோம்னு நெனப்பாக. இவளும் ம்ம் என்றாள். ஹார்லன் கிழவன் முகம் மலர்ந்து, நீ புரிஞ்சுக்கிற பொண்ணு, எங்க பிள்ளைங்களுக்கே இதெல்லாம் புரியாது, என்று இன்னொரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்தான், இவள் தின்றாள், ஐயோ, அதையும் தின்றுதான் தொலைத்தாள்.

அறைக்கு வந்து போட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது, அவன் ஒரு வரி, இவள் ஒரு ம்ம், அவன் ஒரு வரி, இவள் ஒரு ம்ம், பேட்டி மாதிரியே இல்லை, ரெண்டு பேரும் கூட்டாளிகள் மாதிரி இருந்தது. அறைத்தோழி மெர்லின் நாகர்கோவில்காரி, இதுக்கா இப்பிடி அழுது கரையுத, இஞ்ச தா, ஒன் சத்தத்த மட்டும் நறுக்கி எடுத்துத் தாறேன், ஒருத்தருக்கும் தெரியாது, என்றாள், உட்கார்ந்தும் பார்த்தாள், முடியவில்லை, முக்கியமான இடத்தில் இவள் சத்தம் அவன் சொல் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது, இவளை வெட்டினால் ஜூனியஸ் கிடக்கும் இடமும் சேர்ந்து போய்விடும். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுச் சொல்லி அழுதாள், அதுக்கென்னடி, பெரியவுக பேசுனா ம்முனு கேக்கத்தான செய்யணும், என்றாள் அம்மா. அவன் பெரியவன் இல்லம்மா, கொலகாரன். கொலகாரன்னா இன்னும் நல்லாத்தான் ம் போடணும், இல்லன்னா உசுரோட வந்து எங்கிட்டப் பேசிக்கிட்டிருப்பியா, என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள், திரையில் வெறும் சுவர் தெரிந்தது, உன் அண்ணன் காலுக்கு ம்ம் சொன்ன ராத்திரி நீ தூங்கினாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

ம்ம். வந்துவிட்டது. மிஸ் வெர்னெல் கண்ணைத் திறந்தார். கருவியைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தார், இன்னொரு ம்ம், இன்னொன்று, கேக் தட்டின் ஓசை, நீ புரிஞ்சுக்கிற பொண்ணு. விரலைத் தூக்கினார், இவள் நிறுத்தினாள். அது நீதானா பிள்ள. ஆமாங்க மிஸ் வெர்னெல். பயந்திருந்தியா. ஆமாங்க. இப்போ. இப்போதாங்க ரொம்பப் பயமா இருக்கு. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள் போல, சொல்லவில்லை, ஓடவிடு என்றார். ஓடியது. கிழவன் அந்த இடத்துக்கு வந்தான், காதுக்கருவியைத் திருகிக்கொண்டு மிஸ் வெர்னெல் முன்னால் சாய்ந்தார், நாங்க அவனக் கொண்டுபோயி என்றான் அவன், அடுத்த சொல் மேலேயே இவளுடைய ம்ம் ஏறிக்கொண்டது. திரும்பப் போடு. போட்டாள். திரும்பப் போடு. மறுபடியும் போட்டாள், மறுபடியும் ம்ம். உன் சத்தம் மறைக்குது, எனக்குக் கேக்கல, என்றார் மிஸ் வெர்னெல், அந்த மெஷின மூடு, நீ கேட்டதான, உன் வாயால சொல்லு.

கருவியை மூடினாள். இது நடக்கும் என்று எந்த வகுப்பில் சொல்லித் தந்தார்கள், கிழவன் நாற்காலியில் கொண்டுவந்து தன்னை உட்கார வைத்துவிட்டார்கள் என்று இவளுக்குத் தோன்றியது, அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையில் இவள் சொல்லவேண்டும், அந்தம்மா கேட்கவேண்டும். பழைய பருத்தி ஆலைக்குக் கொண்டுபோயிருக்காங்க, என்றாள். மிஸ் வெர்னெல் மறுபடி கண்ணை மூடியிருந்தார், ம்ம், என்றார். இவள் மேலே சொல்லிக்கொண்டு போனாள். ஆலைக்குப் பின்னால தண்ணி வத்திப்போன கிணறு ஒண்ணு. ம்ம். அதுல போட்டிருக்காங்க, மேல இப்ப டிராக்டர் கொட்டகை இருக்கு. ம்ம், என்று உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆட, தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி, இல்லை, சாணிக்கூடையோடு நிற்பது மாதிரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு ம்ம், இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது, இடம்தானே கேட்டார், இடத்தைச் சொல்லியாகிவிட்டது, மீதி ஒரு வரிதான், அந்த வரிக்கும் அன்றைக்கு இவள் உம் கொட்டியிருந்தாள், கேக்கை மென்றுகொண்டே கொட்டியிருந்தாள்.

மண்ணத் தள்ளும்போது உள்ள இருந்து சத்தம் வந்துச்சாம், என்றாள், நிறுத்தலையான்னு நான் கேக்கல, அவரே சொன்னார், அவங்கப்பா இன்னும் வேகமாத் தள்ளச் சொன்னாராம், தள்ளினேன்னு சொன்னார்.

அடுத்த ம்ம்முக்கு இவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வெளியே ஏதோ லாரி போனது, குளிர்பெட்டி உறுமி அடங்கியது, மிஸ் வெர்னெல் உதட்டை இறுக மூடிக்கொண்டு இவளை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.